யுஎஃப்சி 4: நின்று அடிக்கத் தெரிகிறது, தரைக்குப் போனால் கதை முடிகிறது

பிறை_நைட்ஷிப்ட் எழுதியது:

வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இரவு வேலை. வயது 42. கேம் பற்றி இங்கே எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை வேலை. அதனால் அன்றைக்கு அவள் மகன் எங்கள் வீட்டில்தான். நான்காம் படிவம் படிக்கிறான். முன்பெல்லாம் வந்தால் சோபா ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டே இருப்பான். "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "பள்ளிக்கூடம் எப்படி?" என்றால் "ஓகே மாமா". அவ்வளவுதான் பேச்சு. போன மாதம் தன் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் பெட்டியைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே யுஎஃப்சி 4, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை கேம். "மாமா, ஒரு ஆட்டம் வாங்க" என்றான். அவனாக என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதனால் இதை விட்டுவிட மனசு வரவில்லை.

எனக்கு டெக்கன் 3 என்ற பழைய சண்டை கேம் தெரியும். 1998, 99ல் பட்டர்வொர்த்தில் பிளேஸ்டேஷனை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. பள்ளி விட்டால் நேரே அங்கேதான். அதில் எடி கோர்டோ என்ற ஆளை எடுத்துக்கொண்டு எக்ஸ், வட்டம், எக்ஸ், வட்டம் என்று அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும், எதிராளிக்கு மூச்சு விட நேரம் கிடைக்காது. யுஎஃப்சியைக் கையில் எடுத்ததும் எனக்கு ஆச்சரியம், பட்டன்கள் அதே கணக்கு. சதுரமும் முக்கோணமும் இரண்டு கைகள், எக்ஸும் வட்டமும் இரண்டு கால்கள். இத்தனை வருடம் கழித்தும் விரல் மறக்கவில்லை. பையன் சொல்லிக்கொடுக்கும் முன்பே நான் குத்த ஆரம்பித்துவிட்டேன்.

பிரச்சினை அதற்கு அப்புறம். கேமில் வருவது நிஜ யுஎஃப்சி வீரர்கள். அவன் எப்போதும் தரைச் சண்டையில் கில்லாடியான கபீப்பை எடுப்பான். எனக்குக் குத்துச் சண்டையில் பேர்போன கானர் மெக்ரெகரைக் கொடுத்துவிடுவான். முதல் ஒரு நிமிடம் நான்தான் ராஜா. குத்து, குத்து, தலைக்கு ஒரு உதை. அப்புறம் என் ஆளின் கை கனத்துப்போகிறது. பட்டனை அமுக்கினால் இடுப்பளவு தண்ணீரில் நின்று குத்துகிறவனைப் போல வருகிறது. அந்த நேரம் பார்த்து கபீப் குனிவான். இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் கீழே போடுவான். திரையில் மூன்று தேர்வு வருகிறது: எழுந்திருப்பது, பிடி போடுவது (கையையோ கழுத்தையோ இறுக்கிப் பணிய வைப்பது), அடிப்பது. நான் எழுந்திருக்கத்தான் கன்ட்ரோலரின் இடது குச்சியை மேலே தள்ளுகிறேன். என் ஆளோ மல்லாந்து கிடந்தபடியே கபீப்பின் கையைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறான். அந்த லட்சணத்தில் அடுத்த அரை நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இதுவரை ஒரு தடவைகூடக் கீழே இருந்து எழுந்ததில்லை.

நான் பிடித்து ஆடுவது இரண்டாம் கை கன்ட்ரோலர். இங்கே ஒரு கடையில் வாங்கியது, ஒரு மாதம்கூட ஆகவில்லை. சில நேரம் நான் தொடாமலே என் ஆள் இடப்பக்கமாக ஊர்ந்து போகிறான். அது கேமின் பழக்கமோ என்னவோ.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தரையில் என்னதான் செய்வது? யுஎஃப்சி 5 இன்னும் சுலபம் என்று ஒரு நண்பர் சொன்னார், அதற்காக பிஎஸ்5 வாங்கலாமா? பையனை ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. அவன் விளையாடச் சலிப்படையாத அளவுக்காவது ஆட வேண்டும்.


செந்தூல்காரன் எழுதியது:

அண்ணே, முதலில் அந்தக் கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். தொடாமலே ஆள் இடப்பக்கம் ஊர்வது கேமின் பழக்கம் இல்லை, குச்சி கெட்டுப்போயிருக்கிறது. ட்ரிஃப்ட் என்பார்கள். நின்று ஆடும்போது பெரிதாகத் தெரியாது, ரெண்டு அடி தள்ளி நிற்பீர்கள், அவ்வளவுதான். ஆனால் தரையில் அந்த மூன்று தேர்வும் இடது குச்சியில்தான் இருக்கிறது. மேலே தள்ளினால் எழுவது, இடப்பக்கம் தள்ளினால் பிடி போடுவது. நீங்கள் எழுந்திருக்கச் சொல்கிறீர்கள், உங்கள் குச்சி பிடி போடச் சொல்கிறது. அடியில் கிடந்துகொண்டு கபீப்புக்குப் பிடி போடப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். மருமகனிடம் ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கன்ட்ரோலரை மாற்றிக் கேளுங்கள், உடனே தெரிந்துவிடும்.

அது பாதி. மீதிப் பாதி டெக்கன். உங்கள் கை அந்தக் கேமிலிருந்து வந்தது நல்லதுதான், பட்டன் பழக ஒரு வாரம் மிச்சம். ஆனால் டெக்கனில் யாருக்கும் மூச்சு வாங்காது. நூறு குத்து விட்டாலும் நூற்றோராவது குத்து அதே வேகம்தான். இங்கே ஒவ்வொரு குத்துக்கும் ஸ்டாமினா, அதாவது தெம்பு, போகிறது. காற்றில் போன குத்துக்கு இன்னும் அதிகமாகப் போகிறது. வயிற்றில் வாங்கினாலும் போகிறது. தண்ணீரில் நின்று குத்துகிற மாதிரி என்று எழுதினீர்களே, அதுதான் இந்தக் கேமின் உயிர். நீங்கள் அதைக் குறையாகச் சொன்னீர்கள், எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் கேமைச் சரியாக உணர்ந்திருக்கிறீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் 2 வருடம் ஜிம்மில் ஜியு ஜிட்சு என்ற தரைச் சண்டைக் கலை பழகினேன், தோள்பட்டை போனதால் நிறுத்தினேன். முதல் நாள் என் மேல் உட்கார்ந்தவர் என்னைவிட 20 கிலோ குறைவு. எப்படியாவது தள்ளிவிடலாம் என்று முழு பலத்தையும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கண்ணில் பூச்சி பறந்தது. அவர் குனிந்து என் காதருகே "மூச்சு விடுங்க" என்றார். என்னை அடக்கி வைத்திருப்பவரே சொல்கிறார்! அன்றைக்குத்தான் தெரிந்தது, கீழே கிடப்பவனுக்கு முதல் வேலை எழுவது இல்லை, மூச்சைச் சேர்த்து வைப்பது.

கேமிலும் அதே. கீழே விழுந்ததும் குச்சியைப் போட்டு ஆட்டாதீர்கள். கன்ட்ரோலரின் ஆர்2 பட்டனைப் பிடித்துக்கொண்டு மேலே இருப்பவன் எங்கே நகரப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். அவன் நகரும் பக்கம் சரியாக வலது குச்சியைத் தள்ளினால் அவன் முயற்சி முறியும். ஒவ்வொரு தடவை முறியும்போதும் செலவாவது அவன் ஸ்டாமினா. ஒன்று, முடிந்தால் இரண்டு முறியட்டும். அப்புறம்தான் மேலே தள்ளி எழுவது. ஒரு வாரம் தரையில் இதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டாம். பிடி போடுவதை மறந்தே விடுங்கள்.

தரைக்கே போகாமல் தடுக்க எல்2, ஆர்2 பட்டன் இரண்டும் சேர்த்து அமுக்குங்கள். அவன் தோள் தாழும், அந்தக் கண நேரம்தான். நீங்கள் குத்திக்கொண்டே இருந்தால் தடுக்க முடியாது. இரண்டு குத்து விட்டு நிறுத்துங்கள், ஒரு அடி பின்னால் வாருங்கள், பாருங்கள். தலைக்கு விடும் உதையை முதல் ரவுண்டில் மறந்துவிடுங்கள். கால் மேலே இருக்கும்போது பிடிக்க வருவது கபீப் மாதிரி ஆட்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

கபீப்பிடம் தோற்பதில் வெட்கமே வேண்டாம். அவர் 29 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் 2020ல் விலகியவர். மெக்ரெகரே 2018 அக்டோபரில் அவரிடம் நான்காவது ரவுண்டில் டேப் அடித்தார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டு சோபாவில் நடப்பது லாஸ் வேகஸில் நடந்ததுதான்.

எங்கள் கோலாலம்பூர் செந்தூல் பையன், கூண்டுச் சண்டை வீரர் அகிலன் தாணி 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசியப் போட்டியின் பட்டத்துக்கு பென் ஆஸ்க்ரனோடு மோதியது நினைவிருக்கிறதா? ஆஸ்க்ரன் ஒலிம்பிக் மல்யுத்த வீரர். முதல் ரவுண்டிலேயே அகிலனைத் தரைக்குக் கொண்டுபோய்க் கழுத்தை இறுக்கிவிட்டார். அன்றைக்கு எங்கள் ஏரியாவில் மாமாக் சாப்பாட்டுக் கடையே அமைதியாகிவிட்டது. அதே ஆஸ்க்ரன் 2019ல் யுஎஃப்சிக்குப் போய் மஸ்விடால் என்பவரிடம் 5 நொடியில் விழுந்தார், தரைக்குக் கொண்டுபோகக் குனிந்தவரின் தலையில் பறந்து வந்த முழங்கால். உங்கள் யுஎஃப்சி 4 டிஸ்க் அட்டையில் அடெசான்யா என்ற வீரரோடு நிற்பது அந்த மஸ்விடால்தான். குனிந்து வருகிறவனுக்கும் ஆபத்து இருக்கிறது அண்ணே. மருமகனுக்கு அதை ஒருநாள் காட்டுங்கள்.


கெப்போங்_டீச்சர் எழுதியது:

அண்ணே, செந்தூல் தம்பி சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் புதிதாக வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் கபீப்பைத் தடுக்கச் சொல்வது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு யாப்பிலக்கணம் நடத்துகிற மாதிரி. நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

2020ல் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டில் அடைந்து கிடந்தோமே, அந்த வருடம் ஆகஸ்டில்தான் யுஎஃப்சி 4 வந்தது. கணவர் வாங்கினார். அதற்கு முன் நான் சண்டை என்று எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர் தூங்கப் போனதும் நான் கரியர் மோட், அதாவது ஒரு வீரரை ஆரம்பத்திலிருந்து வளர்க்கும் பகுதி, ஆட ஆரம்பித்தேன். யாரும் பக்கத்தில் இல்லை, யாரும் சிரிக்கப் போவதில்லை. அதில் கோச் டேவிஸ் என்று ஒருவர் வருவார். ஒரு நாள் குத்து, ஒரு நாள் கிளிஞ்ச் (நின்றபடி கட்டிப்பிடித்து மோதுவது), ஒரு நாள் தரை என்று ஒவ்வொன்றாகப் பழக்குவார். நீங்கள் எந்த அடியை அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதில் உங்கள் ஆள் தேறிக்கொண்டே போவார். எனக்கு அது மிகவும் பிடித்தது. பள்ளியில் பிள்ளைகள் கையெழுத்து தேறுவதும் அப்படித்தானே, எழுத எழுத.

ஒன்றும் தெரியாமல் முதல் பத்து நாள் நானும் தோற்றேன். இலகு நிலையில் வைத்து ஆடினேன், அதில் ஒரு குறைவும் இல்லை. அப்புறம் வாலன்டினா ஷெவ்சென்கோ என்ற வீராங்கனையை எடுத்து ஆடப் பழகினேன். அவர் அவசரப்படவே மாட்டார், எட்டி நிற்பார், எதிராளி தவறு செய்யும்போது திருப்பிக் கொடுப்பார். அவரை வைத்து ஆடினால் நமக்கும் அந்த நிதானம் வந்துவிடும். மெக்ரெகரைக் கொடுத்தால் எல்லோருக்கும் அடிக்கத்தான் கை போகும்.

பட்டன் எதுவும் வேண்டாம், சிரித்துப் பேசி ஆடினால் போதும் என்கிற நாளில் நாக்அவுட் மோட் போடுங்கள். தரையே கிடையாது, குத்தும் உதையும் மட்டும். எங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தால் அதைத்தான் போடுவோம். என் மாமியார்கூட ஒரு தடவை ஆடி, என்னை ஜெயித்தார்.

யுஎஃப்சி 5 பற்றிக் கேட்டீர்கள். அது 2023 அக்டோபரில் வந்தது, பிஎஸ்5லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் மட்டும்தான். பிஎஸ்4ல் ஓடாது. பிடி போடும் முறையை அதில் மாற்றிவிட்டார்கள். 4ல் பிடி விழுந்ததும் திரையில் எண்கோண வளையம் வந்து, அதில் ஒரு கோட்டை இன்னொரு கோடு துரத்துமே, அது 5ல் இல்லை. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பிடி நடக்கும். உங்கள் நண்பர் சுலபம் என்றது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் 5ல் முகம் கிழிவது, கண் வீங்குவது எல்லாம் மிக நெருக்கமாகத் தெரியும். காயம் மோசமானால் மருத்துவர் வந்து ஆட்டத்தையே நிறுத்துவார். இந்த வரிசையில் 17 வயதுக்கு மேல் என்று அமெரிக்காவில் முத்திரை வாங்கிய முதல் கேம் அது. நான்காம் படிவப் பையன் என்றால் இன்னும் ஒரு வருடம் 4லேயே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். அக்காவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.


பழைய_பிஎஸ்3 எழுதியது:

நான் பினாங்கு ஜெலுத்தோங். இன்னும் யுஎஃப்சி அன்டிஸ்பியூட்டட் 3 என்ற பழைய கேமைத்தான் ஆடுகிறேன், 2012ல் வந்தது. தரையில் தடுமாறுகிறவர்களுக்காகவே அதில் அமெச்சூர் கன்ட்ரோல் என்று ஒன்று வைத்தார்கள். குச்சியை மேலே கீழே தட்டினால் போதும், பிடி மாறும். கைதேர்ந்தவர்கள் ப்ரோ கன்ட்ரோலுக்குப் போகலாம். ஜப்பானியக் கம்பெனி யூக்ஸ் செய்தது. அதே வருடம், அதை வெளியிட்ட டிஎச்கியூ கம்பெனி யுஎஃப்சி கேம் செய்யும் உரிமத்தை, இப்போது யுஎஃப்சி 4 செய்த இஏ கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தது. 2014ல் இஏ தன் முதல் யுஎஃப்சியைக் கொண்டுவந்தது. அதில் புரூஸ் லீ இருந்தார், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. தரையில் குச்சியைச் சுழற்றிச் சுழற்றி என் கட்டைவிரல் தோல் உரிந்தது. 4ல் இருக்கும் மூன்று தேர்வு முறை வர 6 வருடம் ஆயிற்று. புதியவரை வாசலில் நிறுத்தி வைப்பது எப்போதும் இந்தத் தரைதான். அண்ணன் சொல்வது அவர் குறை இல்லை.

எங்கேயாவது பழைய பிஎஸ்3 கிடைத்தால் வாங்கி, அந்த டிஸ்க்கும் தேடுங்கள். ப்ரைட் என்ற பழைய ஜப்பான் சண்டைப் போட்டியின் மோடும் இருக்கிறது. கீழே கிடப்பவனை மிதிக்கலாம். அந்தக் கால ஜப்பான் விதி.


பிறை_நைட்ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஞாயிறு கழித்து எழுதுகிறேன், ஷிப்ட் மாறியதால் உட்கார நேரம் கிடைக்கவில்லை.

தம்பி சொன்னபடி முதல் ஞாயிறு கன்ட்ரோலரை மாற்றினோம். பையனின் கபீப் தானாக இடப்பக்கம் நடந்து போய்க் கூண்டில் முட்டிக்கொண்டு நின்றான். பையன் கன்ட்ரோலரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, இதை வச்சுக்கிட்டா ஒரு மாசம் ஆடினீங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான். அவனுக்கு நிஜமாகவே வருத்தம். இத்தனை நாள் அநியாயமாக ஜெயித்துவிட்டோமே என்று நினைத்தான் போல. சாயங்காலமே கிளம்பி ஃபெரியில் ஏறி ஜார்ஜ்டவுனில் உள்ள கொம்தார் கட்டடத்துக்குப் போனோம், புதிதாக ஒன்று வாங்க. போகும்போது 40 நிமிடம், வரும்போது நாசி கண்டார் கடையில் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் பேசினான். டேக்டவுன், அதாவது எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோவது பற்றித்தான் ஆரம்பித்தான். அப்புறம் பள்ளியில் வகுப்பு மாற்றிப் போட்டது, பழைய நண்பர்கள் எல்லாம் வேறு வகுப்பில் இருப்பது, இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறான் என்பது வரைக்கும் வந்தது. எனக்கு எதுவுமே தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

டீச்சர் சொன்ன கரியர் மோடை வேலை முடிந்து வந்த காலைகளில் ஆடினேன். வீட்டில் எல்லோரும் கிளம்பிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்து. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம், அப்புறம் தூக்கம். யுஎஃப்சி 5 இப்போதைக்கு வேண்டாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்துவிட்டோம்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதே கானர், அதே கபீப். இரண்டு குத்து, நிறுத்தம். இரண்டு குத்து, நிறுத்தம். பையன் "என்ன மாமா, அடிக்கவே மாட்டேங்கிறீங்க" என்றான். அவன் குனிந்தான், நான் எல்2 ஆர்2. கபீப்பின் தலையை கானர் கீழே அழுத்தித் தள்ளிவிட்டான். திரும்பவும் வந்தான், திரும்பவும் தடுத்தேன். மூன்றாவது தடவை தூக்கிப் போட்டுவிட்டான். சரி என்று ஆர்2ஐப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். என் கால்மேல் ஏறி உட்காரப் பார்த்தான், முறித்தேன். எதிர்ப்பக்கம் போனான், அதைக் கோட்டை விட்டேன். முகத்தில் நாலு விழுந்தது. திரும்பவும் ஏற வந்தான், முறித்தேன். அவன் ஸ்டாமினா பாதிக்குக் கீழே. அப்போது மேலே தள்ளினேன். கானர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கூண்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நின்றான். நானும் சோபாவை விட்டு எழுந்து நின்றிருக்கிறேன், என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பையன் "ஐயோ மாமா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

மூன்று ரவுண்டும் முடிந்து மணி அடிக்கும்போது நான் நின்றுகொண்டிருந்தேன். புள்ளியில் அவன்தான் ஜெயித்தான். அது நியாயமான தீர்ப்பு.

இப்போது அடுத்த பிரச்சினை. இனி கபீப் வேண்டாம், அடுத்த வாரத்திலிருந்து சார்ல்ஸ் ஒலிவேரா என்கிறான். யுஎஃப்சியிலேயே அதிகம் பேரை டேப் அடிக்க வைத்தவர் அவர்தானாம். கீழே கிடந்தபடியே கழுத்தைப் பிடித்துவிடுகிறார் என்கிறான். தம்பி, இவரிடம் என்ன செய்வது?


செந்தூல்காரன் எழுதியது:

அண்ணே, கூண்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான் என்று படித்தபோது நானும் எழுந்து நின்றேன். உண்மையாகச் சொல்கிறேன்.

ஒலிவேராவைக் குத்தி விழ வைத்தால் பின்னாலேயே பாயாதீர்கள். அங்கேதான் அவர் காத்திருப்பார். இரண்டு அடி தள்ளி நின்று அவரை எழச் செய்யுங்கள். டஸ்டின் புவாரியே என்ற வீரர் 2021லும் ஜஸ்டின் கேத்ஜி 2022லும் நிஜப் போட்டியில் அவரை விழ வைத்தார்கள். கேத்ஜி கூடப் போய்ப் படுக்காமல் எழட்டும் என்றுதான் நின்றார். ஆனாலும் கடைசியில் இரண்டு பேரின் கழுத்தையும் அவர் பின்னாலிருந்து பிடித்துவிட்டார். அதனால் முதுகை மட்டும் காட்டாதீர்கள். அதை எப்படித் தடுப்பது என்று நாளை வேலை முடிந்ததும் தனியாக எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.